மூலப் பொம்மைக்கும் அச்சுக்கும் நடுவே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவராத்திரியையொட்டித் தங்கள் நாளிதழில் வெளியான கொலு பொம்மைகள் குறித்த கட்டுரையை எங்கள் தெருவில் பலரும் கைமாற்றிப் படித்தோம். இவ்வாண்டு வந்துள்ள புதிய செட்டுகள், அவற்றின் விலை, வண்ணம் தீட்டும் பெண்களின் கைத்திறன் ஆகியவற்றை அக்கட்டுரை அக்கறையோடு எடுத்துச் சொல்லியிருந்தது. ஆனால் பொம்மை எப்படி உருவாகிறது என்று சொல்ல வந்த இடத்தில், களிமண்ணில் ஒரு மாதிரி செய்கிறார்கள்; அதற்கு அச்சு எடுத்துக் கூழை அடைத்துப் பொம்மைகளை எடுக்கிறார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்த வரியின் நடுவிலிருக்கும் அரைப்புள்ளியில்தான் எங்கள் தொழிலின் பெரும் நட்டம் ஒளிந்திருக்கிறது என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மதுரைக்கு அருகே, திருப்பரங்குன்றத்தை அடுத்துள்ள விளாச்சேரியில் களிமண்ணிலும் காகிதக் கூழிலும் பொம்மை செய்யும் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. நவராத்திரிக்குக் கொலு பொம்மைகளும் மார்கழியில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் செய்கிறோம். இவற்றுள் என் பங்கு, அச்சு எடுப்பதற்கு முந்தைய முதல் உருவத்தைக் கையால் செய்து கொடுப்பது. அதை நாங்கள் மூலம் என்போம். இளைஞர்கள் மாஸ்டர் என்கிறார்கள். ஓர் அச்சு என்றென்றைக்கும் உழைப்பதில்லை. பிளாஸ்டர் அச்சில் ஈரக் கூழையும் மண்ணையும் அடைத்து அடைத்து எடுக்க, முதலில் மூக்கு நுனியும் விரல் இடுக்கும் மழுங்கும், பிறகு விளிம்பு உதிரும். அப்போது புதிய அச்சு எடுக்க மூலம் வேண்டும். மூலம் இல்லையென்றால், அச்சிலிருந்து வந்த பொம்மைக்கே மறுபடி அச்சு எடுப்பார்கள். அப்படி எடுத்த மூன்றாம் தலைமுறைக் கிருஷ்ணனின் கையில் இருப்பது புல்லாங்குழலா கரும்பா என்று வாங்குகிறவர் கேட்கும் நிலை வரும். ஆகவே மூலத்தை முதல் அச்சோடு இழப்பவர், தம் முதலையே இழக்கிறார்.

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு, கிராமச் சந்தைச் செட்டுக்காகப் பூக்காரி ஒருத்தியைச் செய்தேன். ஒன்பது அங்குல உயரம், மடியில் கூடை, கூடையில் எண்ணி எடுக்கக்கூடிய அளவுக்குத் தனித்தனியாகத் தெரியும் மல்லிகை மொட்டுகள். பதினெட்டு நாள் வேலை. ஆர்டர் கொடுத்தவர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றதால், அதைச் சுடாமல் நிழலில் நன்றாக உலரவைத்திருந்தேன். அவர் பார்த்துத் தலையசைத்த மறுநாள், வழக்கம்போல் சோப்புக் கரைசலை ஒரு கை பூசிவிட்டுப் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினேன். அச்சைத் திறந்தபோது பூக்காரியின் முகத்தில் பாதி அச்சோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கூடையிலிருந்த மொட்டுகள் குழைந்த மண்ணாகிவிட்டிருந்தன. அச்சின் உட்புறமும் மாவு மாவாக உதிர்ந்தது. மூலமும் போயிற்று, அச்சும் போயிற்று.

அதே உருவம் ஈர மண்ணாக இருந்திருந்தால், அந்தச் சோப்பு கூடத் தேவைப்பட்டிருக்காது. இதுதான் இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களைக் குழப்பும் இடம். பாரிஸ் பிளாஸ்டர் என்பது ஜிப்சம் கல்லை ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வறுத்து, அதில் கட்டுண்டிருக்கும் நீரில் முக்கால் பங்கை வெளியேற்றிய மாவு. நாம் தண்ணீர் ஊற்றியதும் அது இழந்த நீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, நுண்ணிய ஊசிப் படிகங்களாக ஒன்றோடொன்று பின்னி இறுகுகிறது. இறுகும்போது சூடேறி, மிகச் சிறிதளவு விரியவும் செய்கிறது. ஈர மண்ணில் ஏற்கெனவே நீர் நிறைந்திருப்பதால் அது பிளாஸ்டரிலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. அச்சு எளிதில் பிரிந்துவிடும். உலர்ந்த மண்ணும் சுட்ட மண்ணும் மரமும் காகிதக் கூழும் அப்படியல்ல. அவற்றின் நுண்துளைகள் பிளாஸ்டரின் நீரைக் குடிக்கின்றன. நீரோடு பிளாஸ்டரும் அத்துளைகளுக்குள் இறங்கி அங்கேயே இறுகிவிட்டால் உளி கொண்டுதான் பிரிக்க வேண்டியிருக்கும். சுடாத மண்ணும் கூழும் இன்னும் மோசம். குடித்த நீரில் தாமே இளகிவிடும்.

இதற்கு எங்கள் முன்னோர் கண்ட தீர்வு அரக்கு. ஜார்க்கண்டிலிருந்து அதிகமாக வரும் அரக்குச் செதிலைச் சாராயத்தில், அதாவது ஸ்பிரிட்டில், ஓர் இரவு ஊறவைத்துக் கரைத்தால் கிடைப்பதைத்தான் தச்சர்கள் பிரெஞ்சு பாலிஷ் என்கிறார்கள். அதை நீர்க்க வைத்துக்கொண்டு மென்மையான தூரிகையால் பூச வேண்டும். முதல் பூச்சை மண் குடித்துவிடும். பூசிய அடையாளமே இருக்காது. இரண்டாம் பூச்சில் ஆங்காங்கே பளபளப்புத் தோன்றும். மூன்றாம் பூச்சில் அப்பளபளப்பு ஒரே சீராக நிற்கும். விளக்கொளியில் சாய்த்துப் பார்க்கும்போது மங்கலாகத் தெரியும் திட்டுகள் எல்லாம் துளைகள் இன்னும் மூடாத இடங்கள். அவை மறைந்த பிறகே சோப்பையோ வேஸ்லினையோ மெல்லத் தடவி, துணியால் துடைத்து, அச்சுக்கு வைக்க வேண்டும். அரக்கு துளைகளை மூடுகிறது. சோப்பும் வேஸ்லினும் ஒட்டாமல் பார்த்துக்கொள்கின்றன. இவ்விரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பதும், ஒன்றை இரண்டு மடங்காகச் செய்தாலும் மற்றதற்கு ஈடாகாது என்பதும் எனக்குப் பூக்காரி சொல்லிக்கொடுத்த பாடம். நான் பூசிய சோப்பை அந்த உலர்ந்த மண் தண்ணீரோடு சேர்த்துக் குடித்துவிட்டது, அவ்வளவுதான்.

வீட்டில் மீந்திருக்கும் எனாமல் பெயின்டை மூலத்தின்மேல் அடித்துவிடும் பழக்கமும் எங்கள் பக்கத்தில் உண்டு. துளை மூடும் என்பது உண்மைதான். ஆனால் ஒன்பது அங்குலப் பொம்மையின் கண்ணிமைக் கோடு அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இராது. எனாமல் அக்கோட்டில் வழிந்து தேங்கி, இமையும் விழியும் ஒன்றாகிவிடும். விற்பனைக்குரிய பொம்மையில் பூச்சு தடித்தால் அந்த ஒரு பொம்மை கெடும். மூலத்தில் தடித்தாலோ, அந்த அச்சிலிருந்து வரும் பொம்மைகள் அத்தனையும் தூக்கக் கலக்கத்தோடுதான் பிறக்கும். போதாததற்கு, அச்சிலிருந்து வரும் பொம்மைமேல் வெள்ளைப் பூச்சு ஒன்று, வண்ணம் ஒன்று, வார்னிஷ் ஒன்று என்று வரிசையாக ஏறப்போகிறது. அவை ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வடிவத்தைத் தின்னும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொண்டு, நான் மடிப்பையும் நகையையும் தேவைக்குச் சற்று மிகுதியாகவே ஆழப்படுத்திச் செய்கிறேன்.

அண்மைக் காலத்தில் நிலைமை வேறு வகையில் சிக்கலாகியிருக்கிறது. உள்வளைவுகள் நிறைந்த உருவங்களைப் பிளாஸ்டரில் எடுக்க வேண்டுமானால் அச்சைப் பல துண்டுகளாகச் செய்ய வேண்டும்; வளைந்து கொடுக்கும் சிலிகோன் ரப்பரில் அந்தத் தொல்லை குறைவு. ஆகவே படித்த இளைஞர்கள் பலர் சிலிகோனுக்கும் ஊற்றினால் இறுகும் பிசினான ரெசின் வார்ப்புக்கும் மாறி வருகிறார்கள். மூலத்தையும் உலராத எண்ணெய்க் களிமண்ணில் செய்கிறார்கள். இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் சிலிகோன் ரப்பரில் இரண்டு வகை உண்டு என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை. வெள்ளீயச் சேர்மத்தால் இறுகுவது ஒன்று, பிளாட்டினத்தால் இறுகுவது மற்றொன்று. முதலாவது விலை குறைவு, எதையும் பெரிதாகப் பொருட்படுத்தாது. ஆனால் நாளடைவில் சற்றே சுருங்கும். இரண்டாவது சுருங்காது, நெடுநாள் உழைக்கும், விலையும் அதிகம். ஆனால் கந்தகம் பட்டால் அந்த இடத்தில் இறுகவே இறுகாது. எண்ணெய்க் களிமண்ணில் பல வகைகளில் கந்தகம் கலந்திருக்கிறது. எபாக்சி புட்டியிலுள்ள அமீன்கள் என்னும் வேதிப்பொருள்களும், ரப்பர் கையுறையிலுள்ள கந்தகமும்கூட அதைத் தடுக்க வல்லவை. கையுறையோடு மூலத்தைத் தொட்ட விரல் தடம் அச்சில் பிசுபிசுப்பாக நிற்பதுண்டு.

எங்கள் தெருவில் ஓர் இளைஞர், சேமிப்பிலிருந்து செலவு செய்து இப்படிப் பிளாட்டின வகையை வாங்கி, கந்தகக் களிமண்ணில் செய்த யானையின்மேல் ஊற்றினார். மேற்புறம் ரப்பராயிற்று, யானையைத் தொட்டுக்கொண்டிருந்த அடுக்கு இரண்டு நாளாகியும் பாகாகவே இருந்தது. நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டை ஸ்பிரேயாக ஒரு கை அடித்துவிட்டால் போதும் என்று ரப்பரை விற்ற கடையில் சொல்லியிருக்கிறார்கள். அடித்துத்தான் இருந்தார். கிளியர் கோட் என்பது துளையை நன்றாக மூடும். ஆனால் கந்தகத்துக்கு அதை முழு அரணாக நம்ப முடியாது, ஏனெனில் தூரிகை எட்டாத மடிப்பிலோ ஸ்பிரே படாத காது இடுக்கிலோ ஊசிமுனையளவு விட்டுப்போனாலும் அங்கே ரப்பர் கெட்டுவிடும். கந்தகம் இல்லாத களிமண்ணைக் கேட்டு வாங்குவதோ, வெள்ளீய வகை ரப்பரைப் பயன்படுத்துவதோதான் உறுதியான வழி. எதுவானாலும், மூலத்துக்குப் பயன்படுத்திய அதே மண்ணில் எலுமிச்சம்பழ அளவு உருண்டை பிடித்து, அதே பூச்சைப் பூசி, அதன்மேல் சிறிது ரப்பரை ஊற்றி மறுநாள் பார்ப்பது நல்லது. ஒரு நாள் வீணாகிறதே என்று தோன்றும். அந்த யானை நாற்பது நாள் வேலை.

சிலிகோனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது மூலத்தின் வடிவத்தை மட்டும் அல்லாமல் அதன் பளபளப்பையும் அப்படியே படியெடுக்கும். மூலம் கண்ணாடிபோல் மின்னினால் அச்சின் உட்புறம் மின்னும், அதிலிருந்து வரும் ரெசின் பொம்மையும் மின்னும். தூரிகைக் கோடு இருந்தால் அதுவும் வரும். மின்னும் பரப்பில் வண்ணம் சரியாகப் பிடிக்காது. ஆகையால் நான் முதலில் பளபளப்பான கிளியர் கோட்டை மெல்லியதாக அடித்துப் பார்க்கிறேன். மங்கலான மண்ணில் கண்ணுக்குத் தப்பிய கீறலும் குழியும் பளபளப்பில் காட்டிக்கொடுத்துவிடும். அவற்றை நிரப்பி, 600 எண் வாட்டர் பேப்பரால் நீர் தொட்டுத் தேய்த்துச் சரிசெய்த பிறகு, கடைசிப் பூச்சாகப் பளபளக்காத மேட் வகையை அடிக்கிறேன். ஒளி ஊடுருவும் ரெசினில் வார்ப்பதாக இருந்தால் மட்டும் பளபளப்பையே வைத்துக்கொள்வேன். ஒரே தடவையில் தடிமனாக அடிப்பதைவிட, ஒரு முழம் தள்ளி நின்று, கையை நிறுத்தாமல் வீசி, ஒவ்வொன்றும் உலர்ந்த பின் மூன்று நான்கு தடவை அடிப்பதே மேல். எண்ணெய்க் களிமண்ணில் முதல் பூச்சு ஏறத்தாழத் தூசி படிந்ததுபோல்தான் இருக்க வேண்டும். நனையும்படி அடித்தால் பூச்சிலுள்ள கரைப்பானான தின்னர் மண்ணையே இளக்கிவிடும். தெர்மோகோலில் செதுக்கிய உருவமாக இருந்தால் ஸ்பிரேயை அருகிலேயே கொண்டுபோகக் கூடாது, நம் கண் முன்னாலேயே கரைந்து குழி விழும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில், தின்னரில் கரைத்த பூச்சான லாக்கரை அடிக்கவே கூடாது என்று சொல்லத் தோன்றுகிறது. தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பூச்சின்மேல் படிந்து வெண்மையாகப் பனித்துவிடும். பனித்த பூச்சு முழுமையாகத் துளையை மூடியிருக்கிறதா என்று கண்ணால் தீர்மானிக்க முடியாது. ஆனால் குடில் பொம்மைகளுக்கு மூலம் செய்வது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் வந்து விழுகிறது. மழை விட்ட நண்பகலுக்காகக் காத்திருப்பதைத் தவிர எனக்கு வேறு உபாயம் தெரியவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் பாலில் அச்சு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டைக் கவனித்தால் போதும். ரப்பர் பால் உறையாமல் இருப்பதற்கு அம்மோனியா சேர்த்திருப்பார்கள். அம்மோனியா நீர் அரக்கைக் கரைக்கும் என்பதால் அங்கே அரக்குப் பூச்சை நான் நம்புவதில்லை, அக்ரிலிக் கிளியர் கோட்டையே பூசுகிறேன். வேஸ்லின் இயற்கை ரப்பரை உப்பவைத்துப் பாழாக்கும் என்பதால் அதையும் தொடுவதில்லை.

இதுவரை பொருளைப் பற்றிச் சொன்னேன். இனி ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தனிப் பட்டறை கிடையாது. கூடத்தில் மூலம், திண்ணையில் அச்சு, மாடியில் வண்ணம் என்று வீடே பட்டறை. ஸ்பிரே டப்பாக்களிலும் தின்னரிலும் இருக்கும் கரைப்பான்கள் எளிதில் தீப்பற்றுபவை. அவற்றின் ஆவியை மூடிய அறையில் நாள்தோறும் சுவாசிப்பது நரம்புக்கும் நுரையீரலுக்கும் கேடு. அடுப்பு எரியும் கூடத்தில் லாக்கர் அடிப்பதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். மூக்கில் கட்டும் துணியும் தூசு முகக்கவசமும் தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்கா. அதற்குக் கரிவடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். இதை எந்தப் பயிற்சியிலும் எங்களுக்கு யாரும் கொடுத்ததில்லை.

பூசுவது மூலத்துக்குத்தானே, குழந்தை கைக்குப் போவது வேறு பொம்மைதானே என்று கேட்பவர்கள் உண்டு. அது சரிதான், ஆனால் மூலத்திலிருந்து உரிந்த பூச்சின் துகள்கள் அச்சில் ஒட்டிக்கொண்டு முதல் வார்ப்பில் வருவதைப் பார்த்திருக்கிறேன். எனவே முதல் இரண்டு பொம்மைகளை விற்பனைக்கு வைப்பதில்லை. பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவுசெய்த கைவினைஞர்கள் தாமே செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அவ்விலக்கு எங்களுக்குப் பெரிய ஆறுதல். அதனாலேயே, வண்ணத்திலும் பூச்சிலும் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்று வீட்டுப் பெயின்டுக்கு 2016ஆம் ஆண்டு விதிகள் வகுத்திருக்கும் வரம்பை, யாரும் சோதிக்க வராவிட்டாலும் நாங்கள் கேட்டு வாங்க வேண்டும் என்று கருதுகிறேன். டப்பாவில் அது அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கவாவது வேண்டும்.

டப்பாவைப் பற்றிப் பேச்சு வந்ததால் என் கோரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கைவினைஞர்களுக்கு அரசும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் பயிற்சிகளில் சிலவற்றுக்குச் சென்றிருக்கிறேன். மூலம் செய்வதற்கு நான்கு நாள், வண்ணத்துக்கு நான்கு நாள், சந்தைப்படுத்துவதற்கு இரண்டு நாள் என்று நடக்கும் அவற்றில், மூலத்தை அச்சுக்குத் தயார் செய்வதற்கு அரை மணிகூட ஒதுக்கியதில்லை. பயிற்றுநர் ஏற்கெனவே பூசி வைத்த மூலத்தைக் கொண்டுவந்து, நேரே பிளாஸ்டரை ஊற்றிக் காட்டுவார். அச்சு அழகாகப் பிரியும், எல்லோரும் கைதட்டுவார்கள். வீட்டுக்கு வந்து செய்யும்போதுதான் ஒட்டும். இதற்கென்று ஒரு முழு நாளை ஒதுக்கி, ஈர மண், உலர்ந்த மண், சுட்ட மண், கூழ், மரம், எண்ணெய்க் களிமண் ஆகிய ஒவ்வொன்றிலும் பூசியும் பூசாமலும் அச்சு எடுத்துப் பார்க்கும் வாய்ப்பை மாணவர்களுக்கே கொடுக்க வேண்டும். ஒட்டிக்கொண்டு கெட்டுப்போகும் அச்சுகளும் அந்தப் பயிற்சியில் இருக்கட்டும். கைதட்டலைவிட அவை அதிகம் கற்பிக்கும்.

சிலிகோன் ரப்பரைச் சில்லறையாக டப்பாவில் அடைத்து விற்பவர்கள், அது வெள்ளீய வகையா பிளாட்டின வகையா என்பதையும், எவற்றின்மேல் இறுகாது என்பதையும் தமிழில் நான்கு வரி அச்சிட்டு ஒட்டினால் போதும். மாடலிங் களிமண் விற்பவர்கள் கந்தகம் உண்டா இல்லையா என்று ஒரு சொல் போட்டால் போதும். ஸ்பிரே டப்பாவில் அக்ரிலிக்கா, நைட்ரோசெல்லுலோசா என்பது பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில் ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில் மூலம் செய்பவர்களில் பாதிப்பேர் என் வயதுக்காரர்கள்.

தை பிறந்ததும் அடுத்த நவராத்திரிக்கான புதிய மூலங்களைச் செய்யத் தொடங்குவோம். அதற்குள் இப்பொருளை விரிவாக விளக்கும் கட்டுரை ஒன்றைத் தங்கள் நாளிதழ், வேதியியல் தெரிந்த ஒருவரையும் அச்சு எடுக்கும் ஒருவரையும் ஒன்றாக அமர்த்தி எழுதச் செய்து வெளியிடுமானால், வண்ணம் தீட்டும் பெண்களின் படத்துக்குப் பக்கத்தில் அரக்குப் பூசிய மூலம் ஒன்றின் படத்தையும் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூலப் பொம்மை செய்யும் கைவினைஞர் ஒருவர்,
விளாச்சேரி, மதுரை மாவட்டம்.